பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: ஒப்பித்தது ஏன் மறக்கிறது, மீதமுள்ள பன்னிரண்டு வாரத்தில் என்ன செய்யலாம்

கேள்வி: என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில், தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறாள். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் தேர்வில் பாதி மறந்துவிடுகிறது. அரையாண்டில் 500க்கு 310, கணக்கில் மட்டும் 49. பொதுத்தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு வாரம்தான் இருக்கிறது. எப்படிப் படிக்க வைப்பது?

பதில்: நாலு மணி நேரம் தாராளமாகப் போதும். பன்னிரண்டு வாரமும் போதும். உங்கள் மகளுக்கு ஞாபக சக்தி குறைவு என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள், அவள் காதுபடச் சொல்லவும் சொல்லாதீர்கள். சிக்கல் அவள் படிக்கும் முறையில் இருக்கிறது.

படித்து முடித்த பத்தாவது நிமிடம் ஒப்பிக்கும்போது பாடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதை ஒப்பிப்பது சுலபம். தேர்வோ மூன்று வாரம், மூன்று மாதம் முன்பு படித்ததை எந்த உதவியும் இல்லாமல் வெளியே எடுக்கச் சொல்கிறது. அவள் தினமும் பழகுவது பாடத்தை உள்ளே போடுவதை மட்டும். உள்ளே போனதை நாள் கடந்து எடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறு கட்டுரையை ஒரு சாரார் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கணக்கு தலைகீழானது: படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். அன்றைக்கே கேட்டால் திரும்பத் திரும்பப் படித்த பிள்ளை ஜெயிக்கிறது, நாள் போனதும் கைவிட்டுப் போகிறது.

அதனால் நான் சொல்லப்போகும் எல்லாமே ஒரே விஷயத்தின் வெவ்வேறு வடிவம்தான்: நாலு மணி நேரத்தில் பாதியாவது புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

ஒரு பாடத்தைப் படிக்கும் 45 நிமிடம்

அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. ஓம் விதி, மின்தடை, மின்தடை எண் வரை ஒரு துண்டு. தொடரிணைப்பு, பக்க இணைப்பு இன்னொரு துண்டு. ஒரு அமர்வுக்கு ஒரு துண்டு.

முதல் 15 நிமிடம் புரிந்து படிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடி, அடுத்த அறையிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் 12 நிமிடம் நினைவில் உள்ளதையெல்லாம் எழுத வேண்டும். கையெழுத்து அழகு தேவையில்லை, முழு வாக்கியமும் தேவையில்லை. ஆனால் வரையறைகளை மட்டும் தேர்வில் எழுதுவது போலவே சொல் விடாமல் எழுத வேண்டும். அடுத்து 8 நிமிடம், புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையால் விட்டதைத் தாளிலேயே சேர்க்க வேண்டும். கடைசி 10 நிமிடம் மறுபடி மூடி, அந்த வேறு நிறத்தில் உள்ளவற்றை மட்டும் எழுத வேண்டும்.

இதில் என்ன பலன் என்று கேட்டால், ஓம் விதியையே பாருங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: "கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் அமையும்." படிக்க முழுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் வர வேண்டிய "மாறா வெப்பநிலையில்" விடுபட்டிருக்கிறது. புத்தகத்தை இருபது தடவை படித்தாலும் கண் அந்த இரண்டு சொல்லை வழுக்கிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்த வரி. எழுதி ஒப்பிட்டால்தான் ஓட்டை தெரியும். தெரிந்த உடனே ஒரு "ஏன்" கேட்க வேண்டும். உலோகக் கடத்தி சூடேறினால் அதன் மின்தடை கூடும், நேர்த்தகவு குலைந்துவிடும், அதனால்தான் அந்தச் சொல். காரணம் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த இரண்டு சொல் விட்டுப்போகாது.

கோடிட்டுப் படிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள், பச்சை என்று ஹைலைட்டர் பூசிய புத்தகம் பார்க்க உழைத்தது போலத் தெரியும். ஆனால் கோடிடும்போது மூளை எதையும் எடுத்துத் தருவதில்லை. 2013இல் டன்லாஸ்கி என்பவரும் அவருடைய குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டார்கள். தன்னைத் தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் அடியில் நின்றன. அந்த ஹைலைட்டரை, எழுதிப் பார்த்தபோது விட்டுப்போன இடங்களைக் குறிக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது அதற்கு ஒரு பொருள் உண்டு.

திரும்ப எப்போது தொடுவது

ஒரு துண்டை முடித்த மறுநாள் ஒரு முறை, அதிலிருந்து நாலாம் நாள், பிறகு பன்னிரண்டாம் நாள், அதன்பின் ஒரு மாதம் கழித்து. இந்த எண்கள் கல்லில் செதுக்கியவை இல்லை. ஒரு நாள் முன்பின் ஆகலாம். இடைவெளி மெல்ல மெல்ல நீள வேண்டும், அதுதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் முதலில் வெள்ளைத் தாள், பிறகுதான் புத்தகம். இந்த வரிசையை மாற்றினால் முழுப் பயனும் போய்விடும். மறுநாள் தாளுக்குப் பத்து நிமிடம் ஆகும், பன்னிரண்டாம் நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் எழுத உட்காரும்போது கொஞ்சம் திணறும். "எல்லாம் மறந்துபோச்சும்மா" என்று அவள் சொல்வாள். அந்தத் திணறல்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பாதி மறந்த நிலையில் முக்கி முனகி எடுத்த விடைதான் நிலைத்து நிற்கிறது. இந்தக் கட்டத்தில் பல பிள்ளைகள் பயந்து பழையபடி வாசிப்புக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்ல வேண்டியது இங்கேதான்.

சுவரில் ஒட்டும் மணிவாரி டைம்டேபிள் வேண்டாம். மூன்றாம் நாளே ஒரு மணி நேரம் தவறும், நாலாம் நாள் மொத்தமும் கைவிடப்படும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் பாடத்தின் பெயர், பக்கத்தில் நாலு கட்டம். எழுதிப் பார்த்த தேதியைக் கட்டத்தில் போட வேண்டும். அறிவியலில் மட்டும் 23 பாடங்கள் இருக்கின்றன. எது ஒரு கட்டத்தோடு நிற்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் பட்டியல் அப்படியே இருக்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

கணக்கு: 49ஐ எங்கிருந்து தூக்குவது

இப்போதுள்ள வினாத்தாள் அமைப்பைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 14 கொடுத்து 10 எழுத வேண்டும், 28ஆவது வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணிலும் 14க்கு 10, அதில் 42ஆவது கட்டாயம். கடைசியாக எட்டு மதிப்பெண்ணில் இரண்டு வினா: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டிலும் "அல்லது" உண்டு.

49 எடுக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று வாரம் குறி வைக்க வேண்டியது இரண்டே இடம். ஒரு மார்க் 14, வடிவியலும் வரைபடமும் 16, ஆக 30 மதிப்பெண். இந்த 30இல் அவள் அரையாண்டில் எவ்வளவு எடுத்தாள் என்று விடைத்தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் 15 கூடத் தேறாது.

வடிவியலில் ஒரு கணக்கை உற்றுப் பார்ப்போம். அடிப்பக்கம் 8 செ.மீ, உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரையும் நடுக்கோடு 5.8 செ.மீ. முக்கோணம் வரைய வேண்டும். அடிப்பக்கத்தை வரைந்து, இடது முனையில் கீழ்ப்பக்கமாக 60° கோட்டை இழுக்க வேண்டும். அதே முனையில் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி இன்னொரு கோடு. பிறகு அடிப்பக்கத்தை நடுவில் செங்குத்தாக வெட்டும் மையக்குத்துக்கோடு. இரண்டும் வெட்டுமிடம் வட்ட மையம். அங்கிருந்து அடிப்பக்கத்தின் முனை வரை ஆரமாக எடுத்து வட்டம் வரைய வேண்டும். கடைசியாக, அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியில் காம்பஸை ஊன்றி 5.8 செ.மீ அளவில் வட்டத்தை மேலே வெட்டினால் அதுதான் உச்சி.

இதே கணக்கில் நடுக்கோட்டுக்குப் பதில், உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் குத்துக்கோட்டின் நீளம் தந்தால், வட்டம் வரை எல்லாம் இதேதான். கடைசிப் படி மட்டும் மாறும்: நடுப்புள்ளியிலிருந்து மையக்குத்துக்கோட்டின் மேல் அந்த உயரத்தைக் குறித்து, அங்கே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைய வேண்டும். அது வட்டத்தை வெட்டுமிடம் உச்சி. கோண இருசமவெட்டி அடிப்பக்கத்தைத் தொடும் புள்ளியைத் தந்தால், மையக்குத்துக்கோடு வட்டத்தைக் கீழ்ப்பக்கம் வெட்டும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாகக் கோடு இழுத்து, மேலே வட்டத்தைத் தொடும் வரை நீட்ட வேண்டும். மூன்று வகைக்கும் அடித்தளம் ஒன்று. பிரியும் இடம் ஒரே படி.

தேர்வில் தவறுவதும் சரியாக அந்த ஒரு படியில்தான். காரணம், இன்று நடுக்கோடு கணக்கு ஐந்து, நாளை குத்துக்கோடு கணக்கு ஐந்து என்று பிள்ளைகள் வகை பிரித்துச் செய்கிறார்கள். இரண்டாவது கணக்கிலிருந்து கேள்வியையே படிக்காமல் கை தானாக ஓடும். எது எந்த வகை என்று அடையாளம் காணும் வேலையை மூளை செய்வதே இல்லை. 2007இல் ரோரர், டெய்லர் இருவரும் கனஅளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வகைவகையாகப் பயிற்சி செய்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் சராசரியாக 20 விழுக்காடு எடுத்தார்கள். அதே கணக்குகளைக் கலந்து செய்தவர்கள் 63. பயிற்சியின்போது வகை பிரித்துச் செய்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

எனவே ஒரு வகையை இரண்டு கணக்கு செய்து புரிந்துகொண்டதும் கலக்க ஆரம்பிக்க வேண்டும். கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள். தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், இந்த மூன்று வகை, எல்லாம் அதே டப்பாவில். தினமும் ஒரு சீட்டு, 15 நிமிடம். பென்சில் கூராக இருக்க வேண்டும், உதவிப்படம் கட்டாயம் போட வேண்டும். நன்றாக வரையும் பிள்ளைகளும் உதவிப்படத்தை விட்டு மதிப்பெண் இழக்கிறார்கள்.

வரைபடத்தில் தவறு வருவது பெரும்பாலும் அட்டவணையில், அதுவும் குறை எண்களில். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 3 எக்ஸ் என்ற கோவையில் எக்ஸுக்கு −2 போட்டால் 4 + 6 = 10. பிள்ளைகள் 4 − 6 என்று போட்டு −2 என்பார்கள். அந்த ஒரு புள்ளியால் வளைவு நெளிந்துவிடும். பரவளையம் நெளிந்தால் அட்டவணையில் தவறு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புள்ளிகளை வளைத்துப் பிடித்து ஒப்பேற்றக் கூடாது. அச்சுகளின் அளவுத்திட்டத்தை மேல் வலது மூலையில் எழுதுவதைப் பழக்கமாக்குங்கள்.

14க்கு 10 எழுதினால் போதும் என்பதால் சில இயல்களை அடியோடு விடச் சொல்லும் ஆலோசனை பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டாய வினா எந்த இயலிலிருந்தும் வரலாம், புத்தகத்தில் உள்ளதைச் சற்று மாற்றிக் கேட்டும் வரலாம். ஒவ்வொரு இயலிலும் எடுத்துக்காட்டுகளையாவது செய்து வைத்திருக்க வேண்டும்.

மற்ற பாடங்கள்

தமிழில் மனப்பாடப் பாடலை அடிமாறாமல் எழுதத்தான் கேட்பார்கள். வாயால் சொல்லிப் பழகியவர்கள் எழுதும்போது தடுமாறுவது இரண்டு இடத்தில்: ஒவ்வொரு அடியின் முதல் சொல், அடுத்து ற/ர, ழ/ள/ல, ண/ன. அடிகளின் முதற்சொற்களை மட்டும் தனியே ஒரு சரமாக எழுதிப் பழகினால் முதல் சிக்கல் தீரும். இரண்டாவதுக்கு எழுதி எழுதித் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

சமூக அறிவியலில் நிலவரைபடத்துக்குப் பத்து ரூபாய்க்குள் வெற்று வரைபடங்கள் கடையில் கிடைக்கும். தினமும் ஐந்து இடம், பார்க்காமல். வரலாற்று ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஒரே காலக்கோட்டில் வைத்துப் படித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு இலக்கணப் பயிற்சி தினமும் 15 நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைப் பதிவேட்டை இப்போதே முடித்துவிட்டால் கடைசி நேரத்தில் படங்கள் வரைந்து இரவுகளை இழக்க வேண்டியதில்லை.

ஏழாம் வாரத்திலிருந்து

ஆறு வாரத்தில் எல்லாப் பாடமும் குறைந்தது இரண்டு கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு இரண்டு முழு வினாத்தாள், பழைய பொதுத்தேர்வுத் தாள்களே சிறந்தவை. பள்ளியில் திருப்புதல் தேர்வு நடக்கும் வாரங்களில் அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

முழு மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து, தண்ணீர் குடிக்க மட்டும் எழுந்து. கணக்குக்கு நேரப் பங்கீடு: ஒரு மார்க் 15 நிமிடம், இரண்டு மார்க் 30, ஐந்து மார்க் 75, வடிவியலும் வரைபடமும் 40. கூட்டினால் 160, மீதி 20 நிமிடம் சரிபார்க்க. ஐந்து மார்க் கணக்கு ஒன்று பத்து நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டு நகர வேண்டும். அந்த நகர்வை வீட்டில் பழகாதவர்கள் தேர்வறையில் செய்வதில்லை. ஒரே கணக்கோடு மல்லுக்கட்டி, தெரிந்த எட்டு மார்க்கை விட்டுவிட்டு வருவார்கள்.

வினாத்தாளை வாசிக்கத் தரும் முதல் 10 நிமிடத்தில் ஒரு மார்க்குக்கு விடை தேட வேண்டாம். இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் 14இல் எந்த நாலை விடுவது என்று முடிவு செய்யவும், கட்டாய வினாவை இரண்டு முறை படிக்கவும் அந்த நேரம் போதும். ஒரு மார்க்கில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தாளிலேயே போட்டிருக்கும். ஒன்றை மட்டும் எழுதுவது வேண்டாத ஆபத்து.

தாளைத் திருத்திய பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. ஒரு தப்பு நோட்டு போடச் சொல்லுங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரி: கேள்வி என்ன, ஏன் போனது. காரணம் நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். பாடமே தெரியாது, தெரிந்தும் மறந்தது, கேள்வியைத் தவறாகப் படித்தது, நேரம் போதவில்லை. "கவனக்குறைவு" என்று எழுத விடாதீர்கள், அதற்கு மருந்து கிடையாது. "கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோகவில்லை" என்று எழுதினால் மருந்து உண்டு. மூன்று தாள் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். கேள்வியைத் தவறாகப் படித்ததே அதிகம் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்து ஒன்றும் ஆகாது; வினாவில் "வரையறு", "வேறுபடுத்து", "காரணம் கூறு" என்ற சொல்லைப் பார்த்த பிறகே பேனாவைத் தாளில் வைக்கப் பழக வேண்டும்.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இந்த வயதுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். அன்று படித்தது மூளையில் படிவது தூக்கத்தில்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுவது நல்லதா என்று பலர் கேட்பார்கள். இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்கும் வீடாக இருந்தால் நல்லது. பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுவது இரண்டு பக்கமும் நஷ்டம். செல்போன் படிக்கும் அறையில் இருக்க வேண்டாம், அணைத்து வைத்த நிலையிலும் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், அந்தக் கட்டம் போட்ட நோட்டை எடுத்து, குறைந்தது ஒரு வாரம் முன்பு தேதி போட்ட மூன்று பாடத்திலிருந்து தலா இரண்டு கேள்வி கேளுங்கள். அன்று படித்ததைக் கேட்க வேண்டாம். புத்தகப் பின்பக்கக் கேள்விகளே போதும், பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அவள் திணறினால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள் இருபது எண்ணுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அந்தப் பாடத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் மாலை முதல் வெள்ளைத் தாள் அந்தப் பாடத்துக்கு.